ஒன்பதாயிரம் போன், ஒரு பேர்

டிச. 16, செவ்வாய்

விடியலிலிருந்து வாடைக் காற்று. ஜன்னல் கதவு அடித்துக்கொண்டே இருக்கிறது. அட்டை மடித்துச் செருகினேன், நிற்கவில்லை. மார்கழி ஒன்று, கோயில் மைக் இருட்டிலேயே ஆரம்பம்.

இன்றைய வேலை:
– இபிபிஎஃப் நிரலை வெரிஃபையர் திட்டாமல் ஏற்ற வேண்டும்
– யுபிஎஸ் பாட்டரிக்குப் பொன்னேரி கடையில் சொல்லி வைக்க
– அத்தைக்குக் கண் சொட்டு மருந்து
– தேசிங்கு கூப்பிட்டால் பட்டியல் விஷயம் கேட்க

சொட்டு மருந்து வாங்கியாயிற்று. தே. கூப்பிடவில்லை.

வெரிஃபையர் ஏழு தடவை திருப்பி அனுப்பியது. கெர்னலுக்குள், அதாவது மெஷினின் அடித்தளத்துக்குள், இபிபிஎஃப் மட்டுமல்ல, எந்த நிரலும் சும்மா நுழைய முடியாது. வாசலிலேயே நிறுத்தி, எங்கே போகிறாய், எதைத் தொடுவாய், போனால் திரும்பி வருவாயா என்று ஒவ்வொரு வழியாகத் துருவும். கல்யாணமான புதிதில் அத்தை இப்படித்தான். அத்தை மாறிவிட்டார், வெரிஃபையர் மாறுவதாக இல்லை.

தப்பு என்னுடையதுதான். டேட்டாப் பாக்கெட்டின் தலையை நகர்த்தினால் முன்பு அளந்து வைத்தது எதுவும் செல்லாது, முதலிலிருந்து அளக்க வேண்டும். இரண்டு வருஷமாகத் தெரிந்த விஷயம். மறந்திருக்கிறேன். எட்டாவது தடவை ஏறியது. தனியாக உட்கார்ந்து கை தட்டிக்கொண்டேன்.

"இன்னாத்துக்கு நீயே கை தட்டிகினு கீற?" – அத்தை, வாசலில் இறால் உரித்தபடி.

"புரோகிராம் ஏறிச்சு அத்த."

"ஏறி இன்னா பண்ணும்?"

சொன்னேன். புதிதாக ஒரு நெட்வொர்க் போடுகிறவர்கள் அது தாங்குமா என்று பார்க்க ஆயிரக்கணக்கான ஆட்களைப் போனோடு கூட்டிவர முடியாது. அதனால் ஒரு பெட்டிக்குள் ஆயிரக்கணக்கான போன் இருப்பதுபோல நாங்கள் காட்டுகிறோம். பதிவு செய்யும், இணையும், வீடியோ பார்ப்பதுபோல டேட்டா இழுக்கும். எதிர்ப்பக்கம் நிஜப் போன் என்றே நம்பும். இதுவரை ஒவ்வொரு பாக்கெட்டும் எங்கள் நிரல் வரைக்கும் மேலே ஏறி வந்து, ஓர் உறை போட்டுக்கொண்டு, மறுபடி கீழே இறங்கிப் போகும். சில நூறு போனுக்கே மெஷினுக்கு மூச்சு வாங்கும். இனி ஏறவே வேண்டாம், கீழே கெர்னலே உறை போட்டு அனுப்பிவிடும். ஒன்பதாயிரம் போன் ஓட்டிக் காட்ட வேண்டும். முப்பதாம் தேதி காலை டெமோ.

"அந்தப் போனுங்கள்ல யாரு பேசுவாங்க?"

"யாரும் பேச மாட்டாங்க. பேசற மாதிரி காட்டும்."

"நல்லா கீது போ. கட்ன பொண்டாட்டிகிட்ட என் புள்ள ஒருத்தன் பத்து நாளிக்கி ஒருவாட்டி பேசறான். இங்க ஒம்போதாயிரம் போனாம்."

லேப்டாப் பக்கம் திரும்பிக்கொண்டேன்.

சாயங்காலம் மைக்கில் அறிவிப்பு: ஞாயிறு நாலு மணிக்குக் கோயில் முன்னால் பாடு பட்டியல் வாசிப்பு. ஏரியில் இறால் வலை கட்டுகிற இடங்களுக்கு ஊர் முறை வைத்திருக்கிறது, அதுதான் பாடு. பேர் இருக்கிற ஆம்பளைக்குத்தான் முறைநாள் வரும். வெளியூரில் இருப்பவன் "என் பாடு எனக்கு, நான் வருவேன்" என்று தன் வாயால் சொன்னால் பேர் நிற்கும், வரும்வரை பங்காளி அவனுக்காக வலை கட்டுவான். சொல்லாவிட்டால் பேரை அடித்துவிடுவார்கள். கடிதம் செல்லாது. பெண்டாட்டி சொல்வது செல்லவே செல்லாது. போனில் சொன்னால் செல்லும், கொரோனாவுக்குப் பிறகு அந்த மட்டுக்கும் இறங்கி வந்திருக்கிறார்கள்.

தே. பேர் முப்பத்தொன்றாவது. அவன் பஹ்ரைனில் மீன்பிடி போட்டில் வேலைக்குப் போய்ப் பதினாலு மாதம்.

டிச. 17, புதன்

மேகம். மழை இல்லை. மின்சாரம் பத்திலிருந்து பன்னிரண்டு வரை இல்லை.

பன்னிரண்டே காலுக்குத் தே. கூப்பிட்டான். பின்னால் ஐஸ் உடைக்கிற சத்தம்.

"நாளிக்கி காலைல போட்டு ஏறறோம். பத்து நாளு ஆவும்."

"ஞாயித்துக்கெழம பட்டியல் வாசிக்கிறாங்க."

யாரிடமோ ஐஸ் பெட்டியைத் தள்ளச் சொல்லிவிட்டு வந்தான்.

"அன்னிக்கி நான் கடல்ல இருப்பேனே."

"இப்பவே தலைவர்கிட்ட பேசிடு. போன எடுத்துகினு ஓடறேன், அஞ்சு நிமிசம்."

"இப்பவா? ஐஸ் ஏத்திகினு கீறோம் செல்வி. பாத்துக்கலாம். அம்மாவுக்குக் கண்ணு எப்டி கீது?"

கண் பரவாயில்லை என்றேன். சாப்பிட்டேன் என்றேன். பாட்டரி போய்விட்டது என்றேன். நாலு நிமிடம் எட்டு வினாடி. கேட்க வேண்டியது ஒன்றே ஒன்று: உனக்குத் திரும்பி வர இஷ்டமா? அதைக் கேட்கவில்லை. பதினாலு மாதமாகக் கேட்கவில்லை.

இதை எழுதியே வைக்கிறேன், யார் படிக்கப் போகிறார்கள். காலேஜ் முடித்து நான் பெங்களூரில் இருந்தபோது அங்கே வா என்று கெஞ்சினேன். ஏரியை விட்டு வரமாட்டேன் என்றான். கல்யாணத்துக்குப் பிறகும் அதே சண்டை. பிறகு முகத்துவாரம் மணல் அடைத்தது, இறால் குறைந்தது, அவன் கடல் தாண்டிப் போனான். மாமாவுக்கு – தே. அப்பாவுக்கு – உடம்பு முடியவில்லை, வீட்டிலிருந்தே வேலை பார்க்கலாம் என்று ஆபீசில் சொல்லிவிட்டு நான் இங்கே வந்தேன். விடமாட்டேன் என்றவன் ஏரியை விட்டுவிட்டான். வரமாட்டேன் என்றவள் ஏரிக்கரையில் உட்கார்ந்திருக்கிறேன். மாமா போயும் எட்டு மாதம் ஆகிறது.

மதியம் டெஸ்ட். பொய் போனிலிருந்து பிங் – இருக்கிறாயா என்று தட்டிப் பார்க்கிற குட்டிப் பாக்கெட் – போகிறது, பதில் வருகிறது. கனெக்‌ஷன் கூட ஆகிறது. ஆனால் வெப் பக்கம் திறக்கவில்லை. வெறும் வெள்ளை.

டிச. 18, வியாழன்

போட்டு கிளம்பியிருக்கும் இந்நேரம்.

காலையில் ஒரு கார். குளிர் கண்ணாடிக் குடும்பம். "பூநாரைங்க எங்க நிக்கும்?" பூநாரைக்கு ஊர் இன்னும் முறை வைக்கவில்லை என்று சொல்ல வாய் வந்தது. கை காட்டி அனுப்பினேன்.

வெள்ளைப் பக்கத்தின் காரணம் கிடைத்தது. உறை. பாக்கெட் நிறைய சரக்கு இருந்தால், மேலே உறையும் ஏறும்போது அளவு மிஞ்சிவிடுகிறது. நெட்வொர்க் கார்டு சத்தமில்லாமல் கீழே போட்டுவிடுகிறது. பிங் சின்னது, அதனால் போகிறது. எங்கள் நாலு நிமிடம் மாதிரி. கண், சாப்பாடு, பாட்டரி எல்லாம் போய்ச் சேர்கிறது. பெரியது போவதில்லை, போகவில்லை என்ற தகவலும் வருவதில்லை.

போன் இருக்கும் முனையில் பாக்கெட்டின் அளவைக் குறைத்தேன். பக்கம் திறந்தது.

நரேஷ் – டீம் லீட், சென்னை ஆபீசில் – மீட்டிங்கில் குஷி. புதுப் பையன் ஒருவன் சந்தேகம் கேட்டான், இவ்வளவும் பொய் போன் என்று எதிர்ப்பக்கத்துக்குத் தெரியாதா என்று. நரேஷ் சிரித்தார். "எதிர்ப்பக்கத்துக்கு ஆள் வேணாம்பா. சரியான நேரத்துல சரியான பதில் வந்தா போதும்."

மீட்டிங் முடிந்தும் அந்த வாக்கியம் போகவில்லை.

என் பழைய போன் எல்லாப் பேச்சையும் தானாகப் பதிந்து வைக்கும். நிறுத்த வேண்டும் என்று நினைத்து நிறுத்தாமல் விட்டது. பெட்டியிலிருந்து எடுத்துச் சார்ஜ் போட்டேன். போன வருஷப் பட்டியல் நாள். இருக்கிறது.

டிச. 19, வெள்ளி

பாட்டரிக்காகப் பொன்னேரி. பஸ்ஸில் உட்கார இடம் திருப்பாலைவனத்தில்தான் கிடைத்தது. முன் சீட்டில் இரண்டு பேர்:

"மாப்ள இன்னா பண்றாரு?"
"மீஞ்சூர்ல கம்பெனி வேல. டெய்லி வூட்டுக்கு வந்துடறாரு."
"அப்புறம் இன்னா, அது போதும்."

அது போதும். ஆமாம்.

காதில் மாட்டிக்கொண்டு பதிவைக் கேட்டேன். தே. அப்போது போய் இரண்டு மாதம்தான். "என் பாடு எனக்கு பெரிப்பா. நான் வருவேன்." என்ன குரல். எதிரில் நிற்கிறவன் குரல். அதற்கு முன்னால் என்னிடம் ஒரு வரி: "ஏய் செல்வி, தண்ணி ஏறிச்சா? சொல்லு, தண்ணி எப்டி கீது." இப்போதெல்லாம் ஏரியைப் பற்றி ஒரு வார்த்தை கேட்பதில்லை. எப்போது நிறுத்தினான் என்று யோசித்தேன். மாமா செத்த பிறகு.

போகும்போது கேட்டேன், வரும்போது கேட்டேன். பத்து தடவைக்கு மேல் எண்ணவில்லை. கண்டக்டர் டிக்கெட் கேட்டது கூடக் காதில் விழவில்லை. முப்பத்துமூன்று வயதில் புருஷன் குரலுக்கு இப்படி அலைகிறேன். வெட்கமாகத்தான் இருந்தது. ஆனாலும் மறுபடி போட்டேன்.

பாட்டரி ஸ்டாக் இல்லையாம். திங்கள் வரச் சொன்னான்.

டிச. 20, சனி

காற்று குறைவு. துணி காய்ந்தது.

ஆபீஸ் விடுமுறை, ஆனாலும் மெஷினைத் தொட்டேன். ஆயிரம், மூவாயிரம், ஆறாயிரம், ஒன்பதாயிரம். ஓடியது. சிபியு பாதிகூட நிறையவில்லை. ஒரு பாக்கெட் விழவில்லை.

அப்புறம் மற்ற வேலை. தே. பேசிய பதினோரு வினாடியை மட்டும் வெட்டினேன். இரைச்சலைக் குறைத்தேன். லேப்டாப்பில் போட்டுப் பார்த்தேன். சுத்தமாக இருக்கிறது.

இது ஏமாற்றுதான். வேறு பேர் சொல்லிக்கொள்ளவில்லை. ஆனால் பேரை அடித்துவிட்டால் அவன் திரும்பி வர ஒரு காரணம் குறையும். எனக்காக மட்டும் வருவானா என்பது எனக்குத் தெரியாது. அதுதான் பயம்.

அத்தையிடம் சொல்லவில்லை.

டிச. 21, ஞாயிறு

எப்படி எழுதுவது.

நாலு மணி. கோயில் முன்னால் ஆண்கள் பாயில், பெண்கள் ஓரமாக நின்றபடி. தலைவர் நோட்டு வைத்து வாசித்தார். மாமாவுக்குப் பங்காளி, தே.க்குப் பெரியப்பா முறை. அத்தை வரவில்லை, மீன் அரிய வேண்டும் என்றார். ஒலிபெருக்கி கட்டியிருந்ததால் வீட்டுக்கே கேட்கும். போன வருஷம் மைக் ரிப்பேர், போனைக் கையில் பிடித்துக்கொண்டுதான் பேசினோம். அந்த வித்தியாசம் எனக்குத் தோன்றவே இல்லை.

"முப்பத்தொண்ணு. தேசிங்கு."

"லைன்ல கீறாரு பெரிய மாமா," என்றேன். போனை மைக்கிடம் பிடித்தேன். தலைவர், "சொல்லு தேசிங்கு," என்றார். பதிவை அமுக்கினேன்.

"என் பாடு எனக்கு பெரிப்பா." நடுவில் சின்ன இடைவெளி. லேப்டாப்பில் கேட்டபோது அங்கே ஒன்றுமில்லை. ஒலிபெருக்கியில் இருந்தது. ஓர் இருமல். பிறகு, மெல்ல, பக்கத்தில் உட்கார்ந்து சொல்வதுபோல:

"கெட்டியா சொல்றா."

மாமாவின் குரல். போன வருஷம் நான் போனை நீட்டிக்கொண்டு நின்றபோது பக்கத்தில்தான், பாயில் உட்கார்ந்திருந்தார். பிறகு தே.: "நான் வருவேன்."

ஊர் முழுக்கக் கேட்டது. தலைவர் என்னைப் பார்க்கவில்லை, நோட்டைப் பார்த்தார்.

"லைன் கீதாம்மா?"

"கட்டாயிடுச்சி."

"சரி. முப்பத்திரெண்டு."

பேனா எழுதவும் இல்லை, அடிக்கவும் இல்லை. பெண்கள் விலகி வழி விட்டார்கள். அதற்குப் பதில் திட்டியிருக்கலாம்.

வீட்டில் அத்தை அரிவாள்மனைக்கு முன்னால். பாதி செதில் எடுத்த மடவை மீன் அப்படியே கிடந்தது. கையெல்லாம் செதில்.

"உங்க மாமா பேசினாரு."

"அத்த, நான்—"

"திட்டமாட்டேன். இன்னொருவாட்டி போடு."

போட்டேன். நாலு தடவை. அப்புறம் கேட்டார், "புள்ள கொரலு வேணாம். அவரு சொன்னது மட்டும் தனியா எடுத்துத் தருவியா?"

எடுத்துக் கொடுத்தேன். இரண்டு வினாடி. அவர் பட்டன் போனில் ஏற்றினேன். நான் மட்டும்தான் ஒரு குரலுக்காக அலைகிறேன் என்று எட்டு மாதமாக நினைத்திருக்கிறேன், இதே வீட்டில்.

டிச. 22, திங்கள்

பொன்னேரி போகவில்லை. தலைவர் வீட்டுக்குப் போனேன். வலை உலர்த்திக்கொண்டிருந்தார்.

"பெரிய மாமா, நேத்து நான் பண்ணது—"

"தெரியும். நாப்பது வருசம் அவனும் நானும் ஒரே தண்ணில நின்னோம். அவன் கொரலு தெரியாதா எனக்கு. பாயில உக்காந்தவனுங்க அத்தன பேருக்கும் தெரியும்."

"பேர அட்ச்சிட்டீங்களா?"

"இல்ல. எழுதவும் இல்ல. அவன் கரைக்கு வரட்டும், அவன் வாயால கேட்டுக்கறோம். ஒன் போன்ல இல்ல, என் போன்ல."

நம்பரை எழுதிக் கொடுத்தேன். கிளம்பும்போது, "செத்தவன பேச வெச்சிட்ட, உஷார்காரிதான்," என்றார். சிரித்தாரா என்று திரும்பிப் பார்க்கவில்லை.

டிச. 24, புதன்

எதிர் வீட்டில் நட்சத்திரம் கட்டினார்கள். கேக் வந்தது, திராட்சை நிறைய.

நரேஷ் மெசேஜ்: பாராட்டு, மூன்று வரி. டெமோ ஸ்கிரிப்ட் எழுதச் சொன்னார். எழுதுகிறேன்.

மழை வருமா வராதா என்று வானம் நாள் முழுக்க யோசித்தது. தே. கடலில் காற்று எப்படியோ. அவன் இருக்கும் இடத்தின் காற்றுக்கு என்ன பேர் என்று கூட எனக்குத் தெரியாது.

தலையணையை அவன் பக்கம் மாற்றிப் போட்டேன். அவன் பக்கம் என்று இன்னும் சொல்கிறேன்.

டிச. 28, ஞாயிறு

தே. கரைக்கு வந்துவிட்டான். பதினொன்றரைக்குக் கூப்பிட்டான்.

கண், சாப்பாடு என்று அவன் ஆரம்பிக்கும் முன்னால் சொல்லிவிட்டேன். பதிவு, மைக், மாமா குரல், தலைவர் கேட்கப்போவது எல்லாம். குறுக்கே பேசவில்லை. மாமா என்ன சொன்னார் என்று திரும்ப ஒருமுறை சொல்லச் சொன்னான். சொன்னேன்.

பிறகு கேட்டேன். "தேசிங்கு, உனுக்குத் திரும்பி வர இஷ்டமா?"

"அதெல்லாம் இப்ப இன்னாத்துக்கு?"

"சொல்லு."

"நைனாவ தூக்கிகினு போனப்ப நான் நடுக்கடல்ல இருந்தேன். நாலு நாளு கழிச்சிதான் எனுக்குத் தெரியும். அவுரு நின்ன எடத்துல நான் எப்டி போயி நிக்கறது? எந்த மூஞ்ச வெச்சிகினு? ரெண்டு மாசம் முன்னாலயே இங்க இன்னும் ரெண்டு வருசத்துக்குக் கையெழுத்து போட்டுட்டேன் செல்வி."

"ரெண்டு மாசமா சொல்லல."

"நீ போட்டியே ரெக்கார்டு, அது நெசம். அன்னிக்கி நெசமாதான் சொன்னேன். இன்னிக்கி கேட்டா நான் பொய் சொல்லணும்."

"என்கிட்ட?"

"உன்கிட்ட சொல்லக் கூடாதுன்னுதான் நாலு நிமிசத்துல வெச்சிடறேன்."

இன்று முப்பத்தாறு நிமிடம். அவன் அழுதது கேட்டது. நான் அழுதது அவனுக்குக் கேட்டிருக்கும். கோபமும் வந்தது, கத்தினேன், என்ன கத்தினேன் என்று நினைவில்லை. நாளை ஆறு மணிக்குத் தலைவர் கூப்பிடுவார், எடு என்றேன். எடுக்கிறேன் என்றான்.

அத்தையிடம் எல்லாம் சொன்னேன். கேட்டுக்கொண்டு மாவு சலித்தார்.

டிச. 29, திங்கள்

காலை முழுக்க டெமோ ஒத்திகை. நரேஷ் இரண்டு தடவை ஓட்டச் சொன்னார். பாட்டரி வந்தது, கடைக்காரன் ஆள் அனுப்பிக் கொடுத்துவிட்டான்.

ஆறு மணிக்குக் கோயிலுக்கு நான் போகவில்லை. அத்தை போனார், அந்தப் பாயில் போய் உட்கார்ந்தாராம். இதுவரை எந்தப் பெண்ணும் உட்கார்ந்ததில்லை. யாரும் எழுப்பவில்லையாம்.

திரும்பி வந்து சொன்னது, சொன்னபடியே:

"தலைவரு கேட்டாரு. வர்றியா இல்லியா, ஒரே வார்த்த சொல்லுன்னாரு. அவன் பேசல. எவ்ளோ நேரம். லைன் கட்டாயிச்சான்னு கேட்டாரு. 'இல்ல பெரிப்பா, கீறேன்'னான். மறுபடி பேசல. மறுபடி கேட்டாரு. 'கீறேன் பெரிப்பா.' அவ்ளோதான் வந்துது அவன் வாயில."

"அப்புறம்?"

"தலைவரு கையி எழும்பல. பேனாவ வெச்சிகினு உக்காந்துகினு கீறாரு. நான் வாங்கி அட்ச்சிட்டேன். பெத்தவ நான், நானே அட்ச்சேன். கீறேன் கீறேன்னு புள்ள எத்தினி வருசம் சொல்லிகினு இருப்பான்? கொஞ்சம் மூச்சு வுடட்டும்."

விரலில் மை. சோறு போடட்டுமா என்றார். அப்புறம் என்றேன்.

தே.க்கு எழுதினேன். அழித்து அழித்து மூன்று தடவை. கடைசியில் அனுப்பியது:

உன் பேர்ல இங்க இனிமே பாடு இல்ல. நீ யாருக்கும் பதில் சொல்ல வேணாம், எந்த எடத்துலயும் நிக்க வேணாம். ஒரு பத்து நாளு லீவு கேட்டுட்டு சும்மா வா. என்ன பாக்க மட்டும் வா.